மெடிகெய்ட் எடுக்கிற மனநல கிளினிக் ஆரம்பிக்கப் போறீங்களா? நார்த் கரோலினாவுல அஞ்சு வழி இருக்கு, எது உங்களுக்கு?

"அக்கா, லீஸ்ல கையெழுத்து போட்டுடலாமா?" பொங்கல் விழாவுல கையில தட்டோட நின்னுட்டு இருந்தப்போ மோரிஸ்வில்ல இருக்கிற ஒரு தம்பி கேட்டாரு. அவர் ஐடி, ஹெச்1பி விசா. மனைவி கவுன்சலிங் மாஸ்டர்ஸ் முடிச்சு, மேற்பார்வை நேரமெல்லாம் கட்டி, முழு லைசன்ஸும் வாங்கிட்டாங்க. கையில கொஞ்சம் சேமிப்பு, ஒரு ஸ்ட்ரிப் மால்ல இடமும் பார்த்தாச்சு. என்ன சர்வீஸ் பண்ணப் போறீங்கன்னு கேட்டேன், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க!

இந்த கேள்வி எனக்கு மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வருது, நான் பில்லிங், கிரெடென்ஷியலிங் (இன்ஷூரன்ஸ் பிளான்ல ப்ரொவைடரை சரிபார்த்துச் சேர்க்கிறது) பக்கம் வேலை பாக்குறதால. மெடிகெய்ட்னா வருமானம் குறைஞ்சவங்களுக்கு அரசாங்கம் தர்ற மருத்துவக் காப்பீடு. 2023 டிசம்பர் 1-ல இங்க அதோட எக்ஸ்பான்ஷன் (இன்னும் நிறைய பெரியவங்களுக்கு விரிவாக்கினது) வந்தப்புறம் ஒரே வருஷத்துல 6 லட்சம் பேருக்கு மேல புதுசா சேர்ந்தாங்க, அதுலேர்ந்து எல்லாருக்கும் இது ஒரு நல்ல பிசினஸ்னு தோண ஆரம்பிச்சிடுச்சு. தேவை இருக்குறது உண்மைதான். ஆனா எல்லாரும் லைசன்ஸ் எப்படி வாங்குறதுன்னு மட்டும் கேக்குறாங்க, நான் பார்த்த வரைக்கும் கடையை மூடினவங்க யாரும் லைசன்ஸ் கிடைக்காம மூடலை, லைசன்ஸ் கையில வந்து, இன்ஷூரன்ஸ் பிளான்கூட கான்ட்ராக்ட் வராம, வந்தாலும் முதல் பணம் வர்றதுக்குள்ள சம்பளம் குடுக்க காசில்லாம மூடினவங்கதான். அதனால இந்த ஒப்பீடு முழுக்க அந்த கண்ணோட்டத்துலதான் இருக்கும். மெடிகெய்ட் மாநிலத்துக்கு மாநிலம் வேற ரூல், நான் சொல்றது நார்த் கரோலினாவுக்கு மட்டும், ஒஹாயோ சித்தப்பா வேற மாதிரி சொன்னாருன்னா அவரும் சரிதான்.

## எதை வெச்சு அளக்கிறது

ஓனர் யாரா இருக்கலாம்? இதுதான் முதல் கேள்வி. சில வழியில தெரபி லைசன்ஸ் இருக்கிறவங்க பேர்லதான் கம்பெனி இருக்கணும், சிலதுல யார் வேணா எல்எல்சி (சாதாரண கம்பெனி) போடலாம். ஹெச்1பி-ல இருக்கிறவங்க முதலீட்டாளரா பங்கு வெச்சுக்கலாம், தினசரி வேலையில கை வெச்சா சிக்கல், அதுக்கு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துப் பேசிடுங்க, வாட்ஸ்அப் குரூப்ல கேக்காதீங்க.

ரெண்டாவது, இடத்துக்கு மாநில லைசன்ஸ் வேணுமா வேண்டாமா. மூணாவது, கான்ட்ராக்ட் குடுக்கிறது யாரு. இதை கொஞ்சம் விளக்கணும். இங்க மெடிகெய்ட் முக்கியமா ரெண்டு கூறா கிடக்கு. சாதாரண தேவை உள்ளவங்க ஸ்டாண்டர்ட் பிளான்ல இருப்பாங்க (ஆரம்பத்துல வெல்கேர், ஹெல்தி ப்ளூ, யுனைடெட், அமெரிஹெல்த், கரோலினா கம்ப்ளீட், இந்த அஞ்சும்). மனநலம், போதை, அறிவு வளர்ச்சி குறைபாடு தீவிரமா இருக்கிறவங்க டெய்லர்டு பிளான்ல, அது 2024 ஜூலை 1-ல ஆரம்பிச்சது, அதை நடத்துறது எல்எம்இ-ன்னு சொல்ற நாலு அமைப்பு: அலையன்ஸ், பார்ட்னர்ஸ், ட்ரில்லியம், வாயா. நம்மாளுங்க அதிகமா இருக்கிற வேக், டர்ஹம், மெக்லன்பர்க் கவுண்டியெல்லாம் அலையன்ஸ் கையில. ஸ்டாண்டர்ட் பிளான் பக்கம், தகுதி இருந்து ரேட்டுக்கு ஒத்துக்கிட்டா பொதுவா சேத்துக்கணும்னு சட்டம். எல்எம்இ பக்கம் மனநல நெட்வொர்க் மூடின நெட்வொர்க், "இந்த ஏரியாவுல இந்த சர்வீஸுக்கு போதுமான ஆள் இருக்காங்க"ன்னு ஒரே வரியில மெயில் அனுப்பி முடிச்சிடலாம், லைசன்ஸ் எவ்வளவு அழகா ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாலும்.

நாலாவது, முதல் காசு வர எத்தனை மாசம். அஞ்சாவது, ஆள் கிடைப்பாங்களா. ஆறாவது, ஆடிட் வந்தா எவ்வளவு ஆழத்துக்கு இழுக்கும்.

| வழி | ஓனர் | இடத்துக்கு லைசன்ஸ் | கான்ட்ராக்ட் | கைக்காசு தாங்க வேண்டிய காலம் |
|---|---|---|---|---|
| தெரபி கிளினிக் | லைசன்ஸ் உள்ளவங்க | பொதுவா வேண்டாம் | ஒப்பீட்டளவுல சுலபம் | 3-6 மாசம் |
| போதை ஐஓபி (வீட்டுலேர்ந்து வந்து போற தீவிர சிகிச்சை) | யாரும் | கண்டிப்பா | எல்எம்இ-யை நம்பி | 9-12 மாசம் |
| ஆட்டிசம் தெரபி | வக்கீலைக் கேளுங்க | பொதுவா வேண்டாம் | நடுத்தரம் | 5-8 மாசம் |
| குரூப் ஹோம் | யாரும் | கண்டிப்பா | ரொம்ப கஷ்டம் | ஒரு வருஷம், அதுக்கு மேல |
| ஓடுற ஏஜென்சியை வாங்குறது | வழியைப் பொறுத்து | இருக்கு, ஆனா கைமாறாது | இருக்கிறதா சொல்வாங்க | தெரியாது |

மாசக் கணக்கு என் அனுபவத்துல பார்த்தது, அரசாங்க கணக்கு இல்ல.

## 1. தெரபி கிளினிக்

லைசன்ஸ் உள்ள தெரபிஸ்ட் உக்காந்து ஆளைப் பாக்குறதுக்கு இடத்துக்குன்னு தனி லைசன்ஸ் தேவையில்ல. பிஎல்எல்சி (லைசன்ஸ் உள்ள தொழிலுக்கான கம்பெனி) போடணும், ஓனர் அந்தத் தொழில் லைசன்ஸ் உள்ளவரா இருக்கணும், போர்டுல பதிவு பண்ணணும். அப்புறம் இஐஎன் (கம்பெனி வரி நம்பர்), என்பிஐ-ங்கிற ப்ரொவைடர் நம்பர் (தனி ஆளுக்கு ஒண்ணு, கம்பெனிக்கு ஒண்ணு, ரெண்டும் இலவசம், காசு கேட்டு மெயில் வந்தா அது ஏமாத்து வேலை), சிஏக்யூஹெச் ப்ரொஃபைல் (பிளான்கள் உங்க விவரம் பாக்குற ஆன்லைன் பதிவு), என்சிடிராக்ஸ்ல (மாநில மெடிகெய்ட் இணையதளம்) மெடிகெய்ட் சேர்க்கை, அதுக்கப்புறம் ஒவ்வொரு பிளானா கிரெடென்ஷியலிங்.

இந்த என்சிடிராக்ஸ்ல ஒரு இடம் இருக்கு, எல்லாரும் அங்கதான் வழுக்குவாங்க, நானும் வழுக்கியிருக்கேன். டாக்ஸானமி கோடுன்னு ஒண்ணு, நீங்க என்ன வகை ப்ரொவைடர்னு சொல்ற பத்து எழுத்து. நான் ஒரு கிளினிக்குக்கு சேர்க்கை போட்டப்போ கம்பெனிக்கு ஒரு கோடும், பில்லிங் சாஃப்ட்வேர்ல வேற கோடும் இருந்துடுச்சு. தெரபிஸ்ட் நல்லா வேலை பார்த்தாங்க, நோட் எல்லாம் சுத்தம், மூணு வாரக் கிளைம் (காசு கேட்டு பிளானுக்கு அனுப்புற பில்) அத்தனையும் டினையல். யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது, தப்பு என் ஸ்க்ரீன்லயே இருந்துச்சு. முதல் வாரம் நாலே நாலு கிளைம் மட்டும் அனுப்பி, காசு வருதான்னு பார்த்துட்டு மீதியை அனுப்புங்கன்னு அன்னிலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்.

மறைஞ்சிருக்கிற செலவு ரெண்டு. ஒண்ணு, வராத ஆளுங்க. தனியார் இன்ஷூரன்ஸ்ல அப்பாயின்ட்மென்டுக்கு வரலைன்னா ஒரு தொகை போடலாம், மெடிகெய்ட் ஆளுங்ககிட்ட அது கூடாது. பஸ் வரலை, ஷிஃப்ட் மாறிடுச்சு, குழந்தைக்கு ஜுரம், இப்படி வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் காலியாப் போகும், தெரபிஸ்டுக்கு நீங்க சம்பளம் குடுத்துட்டு இருப்பீங்க. ரெண்டாவது, நேரக் கணக்கு. 90837-ன்னு ஒரு மணி நேர செஷன் கோடு, அதுக்கு குறைஞ்சது 53 நிமிஷம் வேணும். 52 நிமிஷம்னா 90834 தான், ரேட் குறைவு. நோட்ல ஆரம்ப நேரமும் முடிஞ்ச நேரமும் இல்லாம "ஒரு மணி நேரம் பேசினோம்"னு எழுதினா ஆடிட்ல அந்தப் பணம் திரும்பிப் போயிடும்.

யாருக்கு இது சரி? வீட்டுல ஒருத்தருக்கு லைசன்ஸ் இருந்தா, கையில 40, 50 ஆயிரம் டாலர்தான் இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு இதுலதான் ஆரம்பிக்கணும். லைசன்ஸ் இல்லாத ஐடி கணவர் நேரடி ஓனரா ஆக முடியாது, நிர்வாக கம்பெனி ஒண்ணு தனியா வெச்சு பில்லிங், ஆபீஸ் வேலை மட்டும் பாக்குற அமைப்பு இருக்கு, அதையும் வக்கீல் எழுதிக் குடுக்கணும். ஹெச்1பி-ன்னா அதுவும் வேலைதான், மறக்காதீங்க.

## 2. போதை மறுவாழ்வு ஐஓபி

இதுதான் எல்லாருக்கும் கண்ணு. வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு மூணு மணி நேரம் குரூப், பன்னண்டு பேர் வரைக்கும் ஒரு ஊழியர். எக்செல்ல போட்டுப் பார்த்தா தேன் மாதிரி இருக்கும். நானே ஒரு தடவை போட்டுப் பார்த்து மயங்கியிருக்கேன், பொய் சொல்லலை.

இப்ப எக்செல்ல வராத வரிகளைப் பார்ப்போம். இடத்துக்கு மாநில லைசன்ஸ் வேணும், டிஹெச்எஸ்ஆர்-ன்னு சொல்ற துறையோட மனநலப் பிரிவு தரும். விண்ணப்பம் போடவே விலாசம் வேணும், ஸோனிங் ஓகேன்னு டவுன்லேர்ந்து கடிதம் வேணும், தீயணைப்பு சோதனை வேணும், கொள்கைப் புத்தகம் வேணும். இணையத்துல விக்கிற ரெடிமேட் புத்தகத்தை வாங்கி அப்படியே குடுத்தீங்கன்னா உள்ள வேற மாநிலச் சட்டம் இருக்கும், ஆய்வாளர் முதல் பத்து பக்கத்துலயே கண்டுபிடிச்சிடுவாங்க. விலாசம் வேணும்னா லீஸ் போடணும், லீஸ் போட்டா வாடகை ஓட ஆரம்பிச்சிடும், லைசன்ஸ் வர்ற வரைக்கும் ஒரு ஆளைக்கூட பார்க்க முடியாது. அதான் அந்தத் தம்பிகிட்ட கையெழுத்து போடாதேன்னு சொன்னேன். போட்டே ஆகணும்னா, லைசன்ஸ் வந்தப்புறம்தான் முழு வாடகை, வரலைன்னா வெளிய போகலாம்னு ஒரு ஷரத்து கேளுங்க. காலியா கிடக்கிற இடம்னா நிறைய ஓனர் ஒத்துக்குவாங்க.

ஆள்: போதைச் சிகிச்சைக்குன்னு தனி லைசன்ஸ் உள்ளவங்க, இங்க எல்கேஸ்னு கூப்பிடுவாங்க, ப்ரோக்ராம் நடக்கிற நேரத்துல பாதியாவது அங்கயே இருக்கணும். நல்ல எல்கேஸ் ஆளை ரெண்டு மூணு ஏஜென்சி பங்கு போட்டுக்கிட்டு இருக்கும். அவங்க ராஜினாமா பண்ணின மறுநாள் உங்களால பில் போட முடியாது. இந்த ஒரு ஆளை நம்பித்தான் மொத்த எக்செல்லும் நிக்குது.

அக்ரெடிடேஷன்: மெடிகெய்ட்ல சேர்ந்த ஒரு வருஷத்துக்குள்ள கார்ஃப் மாதிரி ஒரு தேசிய அமைப்போட அங்கீகாரம் வாங்கணும். கார்ஃப் வந்து பாக்குறதுக்கு முன்னாடி குறைஞ்சது ஆறு மாசம் அவங்க தரத்துப்படி நடத்தியிருக்கணும். ஒரு வருஷத்துல ஆறு மாசம் அப்படியே போச்சு, விண்ணப்பம், தேதி கிடைக்கிறது எல்லாம் மீதியில. முதல் நாள்லேர்ந்தே கார்ஃப் புத்தகத்தை மேஜையில வெச்சு நடத்தினாதான் தாங்கும்.

ரகசியம் விஷயத்துல ஹிப்பா (பொதுவான மருத்துவ ரகசியச் சட்டம்) மட்டும் போதாது, போதைச் சிகிச்சை பதிவுக்கு அதைவிட இறுக்கமான தனி மத்திய சட்டம் இருக்கு, பார்ட் 2-ன்னு சொல்வாங்க. ஒரு அம்மா போன் பண்ணி "என் பையன் இன்னிக்கு வந்தானா"ன்னு கேட்டா, பையன் கையெழுத்து இல்லாம அவன் அங்க வர்றான்னே சொல்லக் கூடாது. ரிசப்ஷன்ல உக்காரப் போறது உங்க அத்தை பொண்ணுன்னா இதை அவங்களுக்கு மூணு தடவை சொல்லுங்க, நம்ம ஊர் பழக்கத்துல வாய் தானா சொல்லிடும்.

கணக்கு ஒண்ணு, உதாரணத்துக்கு: எல்கேஸ், ரெண்டு க்யூபி (தகுதி பெற்ற ஊழியர்), வாடகை, சாஃப்ட்வேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்து மாசம் 30 ஆயிரம் டாலர்னு வெச்சா, ஒன்பது மாசத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். எல்லாரையும் முதல் நாளே வேலைக்கு எடுக்க வேண்டாம்தான், ஆனா பெயர் குடுத்து வெச்ச எல்கேஸ் எத்தனை மாசம் காத்திருப்பாங்க?

யாருக்கு சரி: எல்எம்இ-கிட்ட முன்னாடியே பேசி, அந்தக் கவுண்டியில தேவை இருக்குன்னு மெயில்ல வாங்கினவங்களுக்கு, அதோட எல்கேஸ் ஆளே பங்குதாரரா இருந்தா. ராலேயைவிட கிழக்குப் பக்கம் சின்ன ஊர்கள்ல கதவு சீக்கிரம் திறக்கும், ஆனா தினமும் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டணும்.

## 3. ஆட்டிசம் தெரபி

ஏபிஏ, அதாவது நடத்தைப் பயிற்சி தெரபி. நம்ம சமூகத்துல இதுக்கு ஒரு தனி ஈர்ப்பு, பாதிப் பேர் தங்கள் குழந்தைக்காக கிளினிக் கிளினிக்கா அலைஞ்சு, வெயிட்டிங் லிஸ்ட்ல ஒரு வருஷம் நின்னு, நாமளே ஆரம்பிச்சா என்னன்னு வர்றவங்க. அந்தக் கோபம் நல்ல கோபம்தான். மெடிகெய்ட் 21 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு இதைக் குடுக்குது, ஸ்டாண்டர்ட் பிளான்லயும் உண்டு. பிசிபிஏ (தெரபியை வகுத்து மேற்பார்வை பாக்குற நிபுணர்) ஒருத்தர், மாநில லைசன்ஸோட, அவருக்கு கீழ குழந்தையோட நேரடியா வேலை பாக்குற ஆர்பிடி ஆளுங்க. ஆர்பிடி ஆக 40 மணி நேரப் பயிற்சி, மதிப்பீடு, தேர்வு. ஆளு கிடைப்பாங்க, தங்க மாட்டாங்க. இந்தத் தொழிலோட முக்கால்வாசி தலைவலி அதுதான்.

ரேட் ஆபத்து இங்க ரொம்ப நிஜம். 2025 அக்டோபர் 1-ல மாநிலம் மெடிகெய்ட் ரேட்டை 3-லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் வெட்டுச்சு, ஆட்டிசம் தெரபிக்கு 10. பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, டிசம்பர்ல கவர்னர் ஜோஷ் ஸ்டைன் அரசு வெட்டை திரும்ப எடுத்துக்கிச்சு. நடுவுல ரெண்டு மாசம், சம்பளம் மட்டும் வெட்டாம ஓடுச்சு. ஆடிட்டும் சூடா இருக்கு: இண்டியானாவுல 2019, 2020 ஏபிஏ பணத்தைச் சோதிச்ச மத்திய ஆடிட்டர்கள் குறைஞ்சது 56 மில்லியன் டாலர் தப்பாப் போயிருக்குன்னு 2024 கடைசியில அறிக்கை குடுத்தாங்க. குழந்தை தூங்கின நேரத்துக்கும் சாப்பிட்ட நேரத்துக்கும் பில் போடுறவங்க இதை ஒரு தடவை படிக்கணும்.

பிசிபிஏ உங்க வீட்டுலயே இருந்தா, தனியார் இன்ஷூரன்ஸ் ஆளுங்களையும் பாதி வெச்சுக்க முடிஞ்சா, எடுங்க. வாடகை பிசிபிஏ-வை நம்பி எடுக்காதீங்க.

## 4. குரூப் ஹோம்

"ஒரு வீடு வாங்கி ஆறு பேரை வெச்சா போதுமே" - இதை ரியல் எஸ்டேட் கண்ணோட பாக்குறவங்கதான் அதிகம். ஆறு பேருக்குள்ள இருந்தா குடும்ப வீடு மாதிரி ஸோனிங் சலுகை இருக்கு, ஆனா பக்கத்துல ஏற்கனவே ஒண்ணு இருந்தா அரை மைல் இடைவெளி கேக்குற ஊர்கள் உண்டு. குழந்தைகளுக்கான ட்ரீட்மென்ட் ஹோம்னா எல்எம்இ ஆதரவுக் கடிதம் இல்லாம லைசன்ஸ் விண்ணப்பமே நகராது.

முக்கியமான விஷயம், மெடிகெய்ட் சிகிச்சைக்குத்தான் காசு தரும், தங்குற செலவு, சாப்பாட்டுக்கு தராது. அது வேற எங்கேர்ந்தாவது வரணும். அப்புறம் ஆள் கணக்கு: ஒரே ஒருத்தர் எப்பவும் முழிச்சு இருக்கணும்னா வாரத்துக்கு 168 மணி நேரம், 40 ஆல வகுத்தா 4.2 ஆள். ஒரு நாற்காலிக்கு நாலேகால் சம்பளம்! அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராம இருந்தா. ஆய்வுக்கு வர்றவங்க குழாய்த் தண்ணியில தெர்மாமீட்டர் வெச்சுப் பார்ப்பாங்க, 100-லேர்ந்து 116 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள இருக்கணும். தீ ஒத்திகை மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனித்தனியா, ராத்திரி ஷிஃப்டுக்கும் சேத்து.

ஏற்கனவே இந்த வீடுகள்ல வேலை பார்த்த நர்ஸோ சோஷியல் வொர்க்கரோ கூட நிக்கலைன்னா இதுல இறங்காதீங்க. வெறும் முதலீடுன்னா ரெண்டு வீடு வாங்கி வாடகைக்கு விடுங்க, தூக்கமாவது வரும்.

## 5. ஓடுற ஏஜென்சியை வாங்குறது

"லைசன்ஸ்டு ஏஜென்சி விற்பனைக்கு, எல்லா எல்எம்இ கான்ட்ராக்டும் இருக்கு"ன்னு ஒரு மெசேஜ் வரும். இங்க மாநில லைசன்ஸ் கைமாத்த முடியாத லைசன்ஸ், அந்த விலாசத்துக்கும் அந்த ஓனருக்கும் மட்டும். சொத்தை மட்டும் வாங்கினா லைசன்ஸுக்கு நீங்க புதுசா விண்ணப்பிக்கணும், அப்ப என்னத்துக்கு காசு குடுத்தீங்க? கம்பெனிப் பங்கை வாங்கினா பழைய வரி நம்பர், என்பிஐ எல்லாம் வரும், கூடவே அவங்க போன வருஷங்கள்ல போட்ட தப்புக் கிளைமும் வரும். திருப்பிக் கட்டுங்கன்னு கடிதம் வர்றப்போ உங்க பேர்தான் இருக்கும். ஓனர் மாறினதை என்சிடிராக்ஸ்ல சொல்லணும், 5 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு உள்ள எல்லாரையும் காட்டணும், எல்எம்இ சம்மதம் வேணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒன்றரை லட்சம் டாலருக்கு ஒண்ணை கிட்டத்தட்ட முடிச்சிட்டாரு. கடைசியா வந்து எங்கிட்ட பேப்பரைக் காட்டினப்போ நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, கடைசி பன்னண்டு மாசம் ஒவ்வொரு பிளான்லேர்ந்தும் வந்த ரெமிட்டன்ஸ் ஷீட் (எந்தக் கிளைமுக்கு எவ்வளவு காசு வந்ததுன்னு காட்டுற தாள்). விக்கிறவர் பத்து நாள் இழுத்தாரு. வந்தது மூணு ஷீட், கடைசி கிளைம் போய் பதினோரு மாசம். கான்ட்ராக்ட்னு அவர் சொன்னது ட்ராயர்ல இருந்த பழைய பேப்பர்.

நல்ல விற்பனையும் இருக்கு, ஓய்வு பெறப் போற ஓனர், அவரே ஒரு வருஷம் கூட இருக்கத் தயார், ஊழியர்கள் தங்குறேன்னு சொல்றாங்க, பழைய ஆடிட் கடிதமும் அதுக்குக் குடுத்த திருத்தத் திட்டமும் கேட்ட உடனே எடுத்துக் காட்டுறாங்க. அப்படி அமைஞ்சா ஐஓபி புதுசா கட்டுறதைவிட இது மேல். விலையில ஒரு பகுதியை ரெண்டு வருஷம் எஸ்க்ரோவுல (பொதுவான மூணாவது ஆள்கிட்ட) நிறுத்தி வைங்க.

## எந்த வழி போனாலும் காலை வாருற சிலது

ஆளு கொண்டு வந்தா தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் குடுக்கிறது: கூடவே கூடாது. போதைச் சிகிச்சை, ரிக்கவரி ஹோம் விஷயத்துல 2018-ல வந்த எக்ரா சட்டப்படி ஒவ்வொரு தடவைக்கும் 10 வருஷம் வரை ஜெயில், 2 லட்சம் டாலர் வரை அபராதம். நம்ம டாக்டர் மச்சான்தானேன்னு நினைக்காதீங்க.

புகார்ல உண்மை இருக்கலாம்னு தோணினாலே விசாரணை முடியுறதுக்கு முன்னாடி பணத்தை நிறுத்த மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கு. 2023 மே மாசம் அரிசோனாவுல பழங்குடி மக்களை போலி சோபர் ஹோம்கள்ல (போதையை விட்டவங்க தங்குற வீடுன்னு சொல்லி) அடைச்சு பில் போட்ட விவகாரம் வெடிச்சப்போ வரிசையா ப்ரொவைடர்களுக்கு பணம் நின்னுச்சு, அடுத்த மாசமே பல வகை ப்ரொவைடர்களுக்கு புதுச் சேர்க்கையையும் மூடினாங்க. அந்த மாசம் லீஸ் போட்டுட்டு விண்ணப்பத்தோட நின்ன நேர்மையான ஆளை நினைச்சுப் பாருங்க.

2027 ஜனவரியிலேர்ந்து எக்ஸ்பான்ஷன்ல இருக்கிற பெரியவங்க மாசம் 80 மணி நேரம் வேலை, படிப்பு மாதிரி ஏதாவது காட்டணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தகுதியை புதுப்பிக்கணும். போதைப் பழக்கம், தீவிர மனநோய் உள்ளவங்களுக்கு விலக்கு உண்டு, ஆனா பேப்பர் யார் குடுக்கிறது? கிளினிக்தான். உங்க ஃப்ரண்ட் டெஸ்க்குக்கு அரை ஆள் வேலை கூடுதுன்னு இப்பவே கணக்குல வைங்க. மத்திய அரசு எக்ஸ்பான்ஷனுக்கு தர்ற 90 சதவீதப் பங்கு குறைஞ்சா இந்த மாநிலத்துல எக்ஸ்பான்ஷனே நின்னு போற மாதிரி சட்டம் எழுதியிருக்காங்க, ஐஓபி ஆளுங்கள்ல பெரும்பகுதி அந்தக் கூட்டம்தான்.

அந்தத் தம்பி லீஸ் போடலை. மனைவி பேர்ல பிஎல்எல்சி, இன்னொரு தெரபிஸ்டோட ஆபீஸ்ல வாரம் ரெண்டு நாள் ஒரு ரூம், ஸ்டாண்டர்ட் பிளான் ரெண்டுல சேர்ந்தாச்சு. போன வாரம் முதல் ரெமிட்டன்ஸ் ஷீட்டை போட்டோ எடுத்து அனுப்பினாங்க, நாலு கிளைம், ஒண்ணுக்கு காசு வந்திருக்கு, மூணு டினையல். டாக்ஸானமி கோடு!